ஐந்தாம் பாடம்

போன வாரம் டீச்சரம்மாவைப் படுக்கையில் புரளவிட்டு வந்தோம். விடிந்தும் அவள் கண் மூடவில்லை. இன்றைக்கு அவள் வகுப்பைப் பார்வையிட ஆள் வருகிறது. அந்த ஆள் "சரி" என்று சொல்லிவிட்டால் அவள் நிரந்தர ஆசிரியை. உதட்டைப் பிதுக்கினால் பழையபடி மணிக்கணக்கு வாத்தியார்தான். கூப்பிட்டால் ஓட வேண்டும், கூப்பிடாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டும்.

சொந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியவள் அவள். கணவரோடு இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தாள். மடித்துக்கொண்டே இங்கத்து பாஷையைக் கற்றாள், பரீட்சை எழுதித் தேறினாள். இப்போது நேற்று வந்து இறங்கியவர்களுக்கு அதே பாஷையைச் சொல்லிக்கொடுக்கிறாள்.

"கடன் வாங்கின பாஷையை அண்ணி வட்டிக்கு விடறாங்க" என்று கூடவே இருந்த கொழுந்தன் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே தம்பியின் பெட்டியை வாசலில் வைத்துவிட்டார் அவள் கணவர். வருஷம் ஒன்றாகிறது, அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை.

பார்வையிட வருகிறவர் யார் என்பதுதான் அவள் தூக்கத்தைத் தின்றது. மொழிக் கூடத்தில் அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்காரும் அக்கா. வீட்டில் எல்லோருக்கும் 'மேசையக்கா'. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். சலவைக்கூடத்திலிருந்து டீச்சரம்மாவைக் கைபிடித்து இழுத்துவந்து வகுப்பறையில் நிறுத்தியவர் அவர்தான். போன மாதம் அவருடைய ஒரே மகன் சைக்கிளில் போகும்போது லாரி மோதி இறந்துபோனான். பத்தொன்பது வயசு.

அதற்குப் பிறகு அவர் பார்வையிடப்போகும் முதல் வகுப்பு இது. பார்வையிடும் தேதியைக்கூட அவரேதான் கேட்டு வாங்கினார்.

*

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று டீச்சரம்மா ஐந்தாம் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவளுக்குத் தினசரிப் பழக்கம். குடும்பம் பற்றிய பாடம் அது. புதிதாய் வந்தவர்கள் காதால் கேட்டுப் பழகுவதற்காக ஓர் இளைஞன் குரலில் பதிவு செய்திருப்பார்கள். சலவைக்கூடத்து நாட்களில் மேசையக்காதான் அதை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கேட்டுக் கேட்டு, அந்தக் குரல் எங்கே மூச்சு விடுகிறதோ அங்கேயே இவளும் மூச்சு விடப் பழகினாள். யார் குரல் என்று அவள் கேட்டதில்லை. பாடத்துக் குரலுக்கு யார் பெயர் கேட்பார்கள்?

"எங்கள் வீட்டில் இரண்டு பேர். அம்மா, நான். காலையில் அம்மா முதலில் எழுந்திருக்கிறாள். அம்மா என்னைக் கூப்பிடுகிறாள். எனக்குக் கேட்கிறது…"

பல்துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றாள் மகள். வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். இங்கத்து பாஷையை இங்கத்துப் பிள்ளைகள் மாதிரியே பேசுவாள். அந்த ஒரு விஷயத்தில் அம்மாவுக்கே வாத்தியார்.

"அம்மா, 'எனக்குக் கேட்கிறது'ன்னு சொல்லும்போது நடுவுல ஏன் மூக்கால சிரிக்கறே?"

"நான் எங்கடி சிரிச்சேன்?"

"எப்பவும் சிரிக்கறே. யாரோ பையன் பேசற மாதிரியே இருக்கு."

"இந்த ஊர்க்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க. உனக்கென்ன தெரியும்?"

"ஒருத்தரும் அப்படிச் சொல்றதில்லை" என்று வாயைக் கொப்பளித்தாள் வாலு. பிறகு, "அந்த அக்காகிட்ட அந்த அண்ணனைப் பத்தி ஏதாவது பேசினியாம்மா?" என்று கேட்டாள்.

டீச்சரம்மா குழாயை மூடினாள்.

"யாரும் பேசக் கூடாதுன்னு மேலாளர் சொல்லியிருக்கார். அவங்க மனசைக் கிளறக் கூடாதாம்."

இது பாதி உண்மைதான். மீதிப் பாதியை மகளிடம் சொல்ல அவளுக்கு வெட்கம். துக்கம் நடந்த மறுநாள் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் தயார் செய்துகொண்டுதான் வேலைக்குப் போனாள். மேசையக்கா லீவு முடிந்து வந்தபோதும் அது நாக்கு நுனியில்தான் இருந்தது. தப்பாய்ச் சொல்லிவிட்டால்? பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய்ப் பிழையோடு பேசினால்? தன் பாஷையில் என்றால் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதிருப்பாள். இரவல் பாஷையில் அழ அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள். கூடத்தில் மற்றவர்களும் அதைத்தான் செய்தார்கள். எல்லோருமாய்க் கையெழுத்துப் போட்டு ஒரு பூந்தொட்டியை அவர் மேசையில் வைத்ததோடு சரி. அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும்.

"இன்னைக்கு ஐந்தாம் பாடம் கிடையாது. ஏழாம் பாடத்தை எடுக்கப் போறேன், கடைவீதி. அவங்க முன்னால அம்மா, பிள்ளைன்னு எப்படிடி நடத்தறது?"

இரவு வேலை முடிந்து குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த கணவர் அப்போதுதான் பூட்ஸைக் கழற்றினார். பெட்டி தூக்கித் தூக்கி நிமிர முடியாத முதுகு.

"இன்னைக்கு எனக்குப் பரீட்சைங்க" என்றாள்.

"அப்படியா! ரொம்ப நல்லது!" என்றார் அவர், இங்கத்து பாஷையில்.

அவருக்கு அந்த பாஷையில் சரளமாக வரும் வாக்கியம் அது ஒன்றுதான். அதுவும் டீச்சரம்மாவின் உபயம். புது மாணவர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வந்ததும் அடுத்து என்ன சொல்வது என்று திருதிருவென்று விழிப்பார்கள். அவர்களுக்கு ஊன்றுகோலாக அவள் கொடுத்தது அது. எதிராளி என்ன பதில் சொன்னாலும் சிரித்த முகத்தோடு "அப்படியா! ரொம்ப நல்லது!" என்று சொல்லிவிட வேண்டும். பேச்சு அறுந்துபோகாது. அவளுடைய வகுப்பே இதற்குப் பெயர்போனது. இன்னொரு வழக்கமும் உண்டு. யார் வகுப்புக்குள் வந்தாலும் அவரிடம் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும்.

பாடத்தை மாற்றியவள் இந்த இரண்டையும் மறந்துவிட்டாள்.

*

மேசையக்கா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குக் கடைவீதி" என்றாள் டீச்சரம்மா. கரும்பலகையில் எழுதினாள்.

மேசையக்கா நிமிர்ந்து பார்த்தார். முகம் ஒருமாதிரி ஆனது. ஆரம்பமே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று டீச்சரம்மா நினைத்துக்கொண்டாள்.

அவள் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் முன்வரிசைத் தச்சர் எழுந்துவிட்டார். சண்டை நடக்கும் ஏதோ ஒரு நாட்டிலிருந்து தப்பி வந்தவர். வகுப்புக்கு அவர்தான் தலைவர் மாதிரி. புதிதாக ஆள் வந்திருக்கிறதே, கேள்வி கேட்காமல் விடலாமா? பின்பக்கம் திரும்பி, தலையைத் தாழ்த்தி வணங்கி, போன வாரம் உயிரைக் கொடுத்துப் பழகிய கேள்வியை ஒரு பிழை இல்லாமல் கேட்டார்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

டீச்சரம்மா தடுப்பதற்குள் கேள்வி முடிந்துவிட்டது.

மேசையக்கா தச்சரைப் பார்த்தார். கோபப்படவில்லை. ரொம்ப நாளாக யாரோ கேட்பார்கள் என்று காத்திருந்தவர் மாதிரி மெதுவாகப் பதில் சொன்னார்.

"ஒரு மகன். இறந்துவிட்டான்."

'மகன்' அவர்களுக்குத் தெரியும். மற்ற வார்த்தையை டீச்சரம்மா இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. குடும்பப் பாடத்தில் அது கிடையாது.

தச்சர் முகம் மலர்ந்தது. பின்னாலேயே வகுப்பு முழுக்க, ஒரே குரலில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னது.

"அப்படியா! ரொம்ப நல்லது!"

மேசையக்கா எழுந்தார். காகிதம் மடியிலிருந்து விழுந்தது, அவர் குனியவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

*

நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். டீச்சரம்மா ஓடினாள்.

"அக்கா, அவங்களுக்குத் தெரியாது. தப்பு என்னுதுதான், நான்தான் அப்படிப் பழக்கிவிட்டேன்…"

"ஐந்தாம் பாடம் எங்கே?"

"அக்கா?"

"இன்னைக்கு ஐந்தாம் பாடத்துல கேட்கிற பகுதி வரணும். நான் கணக்குப் பார்த்துத்தான் இந்த நாளைக் கேட்டு வாங்கினேன். ஏன் மாத்தினே?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்…"

"எல்லாரும் எனக்குக் கஷ்டமா இருக்கும்னு ஒவ்வொண்ணா எடுத்துடறீங்க" என்றார் மேசையக்கா. "அந்தப் பதிவுல பேசறது என் பையன்."

டீச்சரம்மா மூடியிருந்த வகுப்புக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"குரல் உடைஞ்ச பிறகு கேமராவைக் கண்டாலே ஓடிடுவான். வீட்டுல இருக்கற வீடியோவெல்லாம் மழலைல பேசினது. அவன் போன் அவனோட சேர்ந்து நசுங்கிப்போச்சு. பெரிய பையனா அவன் பேசினது இந்த ஒரு இடத்துலதான் இருக்கு. தனியா உட்கார்ந்து கேட்க எனக்கு நெஞ்சுல பலம் இல்லை. பத்துப் பேர் நடுவுல கேட்டா தாங்கிக்கலாம்னு வந்தேன்."

"இப்பவே போடறேன் அக்கா. வாங்க."

"இன்னைக்கு இனிமே முடியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் வகுப்பைப் பத்தி நான் எதுவும் எழுத முடியாது. நான் வகுப்பைப் பார்க்கலை. அடுத்த வாரம் மேலாளரே வந்து பார்ப்பார்."

மேலாளரைப் பற்றி வாசகர்களுக்குத் தெரியும். பாஷை சொல்லிக்கொடுக்கிறவர் நாக்கு அந்த மண்ணிலேயே பிறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். நிரந்தர வேலை போச்சு என்று நினைத்தாள் டீச்சரம்மா. அந்த நேரத்திலும் தன் வேலையைப் பற்றி நினைக்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இரண்டடி போன மேசையக்கா திரும்பி வந்தார்.

"ஒரு மாசமா இந்தக் கட்டடத்துல ஒருத்தரும் அவனைப் பத்தி என்னைக் கேட்கலை. அந்த மனுஷர் கேட்டார். அவரைத் திட்டாதே."

வகுப்புக்குள் போனபோது தச்சர் ஆவலோடு எழுந்து நின்றார்.

"டீச்சர், நான் நல்லாப் பேசினேனா?"

நல்லாத்தான் பேசினார். அதைத்தானே இத்தனை நாளும் சொல்லிக்கொடுத்தாள்? கடைவீதியை அழித்துவிட்டு, 'இறந்துவிட்டான்' என்ற வார்த்தையைப் பலகையில் எழுதினாள். பக்கத்தில் ஒரு வீடு வரைந்தாள். அதற்குள் இரண்டு பேரை வரைந்து, ஒருவரைத் துணியால் துடைத்தாள்.

தச்சருக்கு முதலில் புரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஜன்னலோரத்துப் பெண் அழத் தொடங்கினாள். தச்சர் பலகையைப் பார்த்து அந்த வார்த்தையைத் தப்பில்லாமல் எழுதிக்கொண்டார். பிறகு அதற்கு முன்னால் 'என் தம்பி' என்று சேர்த்து, மெல்லிய குரலில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

*

வகுப்பு முடிந்ததும் மேலாளர் அறைக்குப் போனாள்.

"ஐந்தாம் பாடத்துப் பதிவா? அதை அந்தத் துக்கம் நடந்த வாரமே அழிச்சுட்டேனே!" என்றார் அவர். "பக்கத்து வகுப்புல ஓடி, அவங்க காதுல விழுந்து வெச்சா? நம்மால முடிஞ்ச உதவி அதுதானே?"

"வேற எங்கேயாவது பிரதி இருக்கா சார்?"

"ஒண்ணு விடாம அழிச்சாச்சு. கவலைப்படாதீங்க, நானே பேசிப் புதுசாப் பதிவு பண்ணிட்டேன். கேட்கறீங்களா?"

அவர் நல்லவர்தான். அதுதான் கொடுமை.

*

"என் பழைய போன் எங்கே?"

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி அது. இழுப்பறை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டாள். சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தூங்கி எழுந்த கணவர் அடுத்த வேலைக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"புதுசு வாங்கினப்போ அதைச் சின்னவன்கிட்ட குடுத்தியே" என்றார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"அவன்கிட்ட கேளுங்க. உங்க தம்பிதானே?"

"உன்னை அவ்வளவு பேச்சுப் பேசினவன். அவன் வாசலை நான் மிதிக்கறதில்லைன்னு சொன்னா சொன்னதுதான்."

"அது ஒரு பிள்ளையோட குரலுங்க."

"இத்தனை நாள் வெச்சிருப்பானா? எல்லாத்தையும் அழிச்சிருப்பான்" என்று பூட்ஸ் கயிற்றை இறுக்கினார். குரலில் பிடிவாதத்தைவிட வலிதான் அதிகம் இருந்தது. வாலு அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் இருந்துவிட்டாள்.

அப்போது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் மேசையக்கா. அதே தப்புப் பொத்தான், குடைகூட இல்லாமல் தூறலில் நனைந்து வந்திருந்தார்.

"கூடத்துல போய்த் தேடினேன். அழிச்சுட்டாங்களாம்." மூச்சு வாங்கியது. "உன் போன்ல நான்தானே ஏத்திக் குடுத்தேன்? உன்கிட்ட இருக்கும்ல?"

டீச்சரம்மா அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். துண்டு எடுத்துக் கொடுத்தாள். சொல்லித்தானே ஆக வேண்டும்?

"இல்லை அக்கா. அந்தப் போன் இப்ப என்கிட்ட இல்லை."

மேசையக்கா அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க டீச்சரம்மாவுக்குத் தாங்கவில்லை. ஒரு மாதமாக நாக்கு நுனியில் கிடந்த வாக்கியம் வெளியே வந்தது. அதில் பிழை இருந்திருக்கலாம், அவள் கவனிக்கவில்லை.

"உங்க பையன் போனது எனக்கு ரொம்ப வலிக்குது அக்கா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். என் பேச்சு தப்பா இருக்குமோன்னு பயந்துட்டேன்."

"உனக்குப் பேசக் கத்துக்குடுத்ததே அவன்தான்" என்றார் மேசையக்கா. "அவன் பதிவை வெச்சுத்தானே பழகினே? இப்பவும் மனப்பாடமா இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு."

வெறும் பாடம்தானே என்று தொடங்கினாள். கண்ணாடி முன்னால் தினமும் சொல்கிறது.

"எங்கள் வீட்டில் இரண்டு பேர். அம்மா, நான். காலையில் அம்மா முதலில் எழுந்திருக்கிறாள். அம்மா என்னைக் கூப்பிடுகிறாள். எனக்குக்…"

அந்த இடத்தில், பழக்கதோஷத்தில், மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

"…கேட்கிறது. ஆனால் நான் எழுந்திருப்பதில்லை."

மேசையக்கா அவள் மணிக்கட்டைப் பற்றினார். நகம் பதியும்படி பற்றினார்.

"அந்தச் சிரிப்பு. அவனுடையது."

"நான் இந்த ஊர் வழக்கம்னு நினைச்சேன் அக்கா."

"ஊர் வழக்கம் இல்லை. அவன் பேசும்போது நான் எதிர்ல நின்னு முறைச்சேன். ஒழுங்காப் பேசுடான்னு கண்ணாலயே மிரட்டினேன். சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியலை." அதற்குமேல் அவரால் முடியவில்லை. சோபா நுனியில் உட்கார்ந்து, வாய்விட்டு, நடுக்கூடத்தில் குழந்தைபோல் அழுதார். டீச்சரம்மா அவரை அணைத்துக்கொண்டாள். எந்த பாஷையும் தேவைப்படவில்லை.

அறைக் கதவோரம் நின்றிருந்தார் கணவர்.

"உங்கம்மா என்ன சொன்னா?" என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டார்.

வாலு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அவர் கிடங்குக்குப் போன் செய்து இன்று வரமுடியாது என்றார். செய்தியைத் தன் அரைகுறை பாஷையிலேயே சொன்னார்.

"உன் சித்தப்பா இப்ப எங்கே இருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

வாலு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும்ப்பா."

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். குடையை எடுத்தார்.

"நீயும் வா. நான் கூப்பிட்டா அவன் கதவைத் திறக்க மாட்டான்."

படியிறங்கும்போது உள்ளேயிருந்து மேசையக்காவின் குரல் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லு."

டீச்சரம்மா முதலிலிருந்து தொடங்கினாள். எங்கள் வீட்டில் இரண்டு பேர்.